மண்டபத்தில் அப்பா உட்காரவே இல்லை

திருப்பாதிரிப்புலியூரில் உறவினர் வீட்டுத் திருமணம். அப்பாவுக்கு 72 வயது. முதல் பந்தியில் இடம் பிடித்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிற மனிதர். அன்றைக்குப் பந்திப் பக்கமே வரவில்லை. கை கழுவும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒன்றுமில்லை, சூடு" என்றார். மறுபடி கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை; ஒரு கை அடிவயிற்றிலேயே இருந்தது. கடைசியில் என் கணவரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, ஓர் ஆட்டோ பிடியுங்கள். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை" என்றிருக்கிறார். பெற்ற மகள் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தொப்புள் வரை மேடு தட்டியிருந்தது. திரையை இழுத்துவிட்டு டியூப் போட்டார்கள். வெளியே நின்ற எனக்குத் திரைக்குக் கீழே கட்டிலில் தொங்கிய பை மட்டும் தெரிந்தது. அதில் கோடு கோடாக எண்கள். 300, 500, 800... 1100-ஐத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தேன். 400, 500 மில்லி சேர்ந்தாலே நாமெல்லாம் இடம் தேடி ஓடுவோம். திரைக்குள்ளிருந்து ஒரே ஒரு "அப்பாடா" கேட்டது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பிறகுதான் விசாரணை. "இரவில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், ஐயா?" நான்கைந்து முறை. எத்தனை நாளாக? மூன்று ஆண்டுகளாக. "அவருக்குத் தூக்கம் குறைவு" என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வியில் நான் அசந்துபோனேன். "சளிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?" இரண்டு நாளாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் தரும் மாத்திரைகள் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: மூத்திரப்பையின் வாயை இறுக்கும், அல்லது பை சுருங்கித் தள்ளும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கிக்கொண்டிருக்கும் வயதானவருக்கு அது போதும். கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.

அந்தச் சுரப்பி ஆண்கள் எல்லோருக்கும் இருப்பதுதான். நெல்லிக்காய் அளவில் மூத்திரப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். வயதாக வயதாகப் பெருக்கும். 60 வயதை ஒட்டிய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தப் பெருக்கம் உண்டு. இது புற்றுநோய் இல்லை. அது வேறு சங்கதி, அதற்கு வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. டாம்சுலோசின் போன்ற மாத்திரையிலேயே பலருக்கு வழி விட்டுவிடும். விடாதவர்களுக்கு, வயிற்றைக் கிழிக்காமல் மூத்திரக் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர் மூன்று ஆண்டு தூக்கத்தைத் தொலைத்தார். இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் தேங்கிய நீரின் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தையே கெடுத்திருக்கலாம்.

எனக்குக் கோபம் அப்பா மேல் இல்லை. 'சூடு' என்ற சொல்லின் மேல்தான். எரிகிறதா, சூடு. அடிக்கடி போகிறதா, சூடு. போகவே இல்லையா, அதுவும் சூடு. இளநீர் கொடு, வெந்தயம் ஊறவை, தொப்புளில் விளக்கெண்ணெய் வை. இடுப்புக்குக் கீழே இருக்கும் எந்த உறுப்பின் பெயரையும் வாயால் சொல்லாமல் ஓர் ஆயுளையே ஓட்டிவிட இந்த ஒரு சொல் போதும்.

அதே சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னொரு பொருளும் உண்டு. பாயை நனைக்கிற பிள்ளைக்கு வைப்பது. அடுப்பில் கரண்டியைக் காட்டி, "நாளைக்கும் நனைத்தாயானால் பார்" என்று மிரட்டிய பாட்டிகள் எத்தனை பேர்! சிலர் மிரட்டலோடு நிற்கவும் இல்லை. நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு நாள் சுற்றுலா என்றதும் முதலில் கையைத் தூக்கவேண்டிய பையன் ஒருவன், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பணம் இல்லை, வாந்தி வரும் என்று மூன்று நாளில் மூன்று காரணம் சொன்னான். அவனுடைய அம்மா வராந்தா ஓரத்துக்கு என்னை அழைத்துப்போய்க் காதருகே சொன்னார்: "டீச்சர், இரவில் போய்விடுகிறான்."

ஐந்து வயதில் நூற்றில் 15 பிள்ளைகள் வரை தூக்கத்தில் நனைப்பவர்கள்தான். ஆண்டுதோறும் அவர்களில் ஒரு பங்கினர் தாமாகவே நின்றுவிடுவார்கள்; ஆறாம் வகுப்பு வரை நீள்கிறவர்களும் உண்டு. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. பரம்பரையாகவும் வரும். தாய், தகப்பன் இருவருக்கும் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நான்கில் மூன்று வாய்ப்பு. இதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். "அவனுடைய அப்பா எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவராம், டீச்சர். அவர்தான் இவனைப் பிரம்பால் அடிக்கிறார்." மருத்துவரிடம் போனபோது முதல் கேள்வியே மலச்சிக்கல் பற்றியதாம். குடல் நிரம்பி மூத்திரப்பையை நெருக்கினாலும் இப்படி ஆகும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பகலில் நன்றாகத் தண்ணீர் குடிப்பது, படுக்கும் முன் கழிப்பறைக்குப் போவது, மலச்சிக்கலைச் சரிசெய்வது, அதற்கும் கேட்காவிட்டால் ஈரம் பட்டவுடன் ஒலிக்கும் மணி அல்லது மாத்திரை. பிரம்பு அந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. இதைப் படிக்கிற பெற்றோர் தயவுசெய்து மறக்காதீர்கள். எங்கள் தெருவில் 14 வயதுப் பையன் ஒருவன் இரவு எட்டு மணிக்கு வயிற்று வலி என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், படுக்க வைத்தார்கள். உண்மையில் வலி விரையில். அம்மாவிடமும் அக்காவிடமும் எப்படிச் சொல்வான்? காலையில் நடக்க முடியாமல் போனபோதுதான் தெரிந்தது, விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போய்விட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அவன் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு மணி நேரம் கழித்து. ஒன்றை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனாலும் அந்த இரவை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பையன்களிடம், "அங்கே திடீரென்று வலித்தால் நள்ளிரவானாலும் எழுப்பு" என்று ஒரே ஒரு முறை சொல்லி வைக்கலாம்.

கைக்குழந்தைகளுக்கும் அப்படித்தான். ஆறு மாதமாகியும் விரை கீழே இறங்கவில்லை என்றால் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் அறுவை முடிந்துவிடுவது நல்லது. நீர் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாகப் போகும் ஆண் குழந்தையையும் காட்டுங்கள். ஆனால் சின்னப் பையனின் முன்தோல் பின்னால் வரவில்லை என்று எண்ணெய் போட்டு இழுக்காதீர்கள். பெரும்பாலும் தானே நெகிழ்ந்துவிடும்; இழுத்தால் புண்ணாகும்.

பெண் பிள்ளைகளிடம் வந்தால் பேச்சு மருத்துவமனையைவிட்டுக் கழிப்பறைக்கு வந்துவிடுகிறது. பெண்ணின் மூத்திரக் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏறிப்போக அது ஒரு தூரமே இல்லை. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்) பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. மூன்று பேராகப் போவார்கள். ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்வாள், ஒருத்தி காவல் நிற்பாள். துணைக்கு ஆள் கிடைக்காத பிள்ளை மாலை வரை அடக்கிக்கொள்வாள். நாலரை மணிக்கு நீலத் தண்ணீர்ப் புட்டி வந்தபடியே நிரம்பித் திரும்பிப் போகும். கேரளத்தில் 2019-ல் தண்ணீர் குடிக்கவென்றே பள்ளியில் மணி அடித்தார்கள். 2025-ல் தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. நல்ல ஏற்பாடு, நானும் அடிக்கிறேன். குடித்த நீர் எங்கே போவது என்பதற்கும் ஒரு மணி அடியுங்கள் என்றுதான் கேட்கிறேன். 30 ரூபாய்த் தாழ்ப்பாளும் ஒரு வாளித் தண்ணீரும் சிறுநீர்த் தொற்றுக்கு எதிரான மருத்துவச் செலவு என்று எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என்னை மறைத்தால் நியாயமில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 12 ஆண்டுகள், தும்மல் வருகிறதென்றால் கரும்பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு நின்றவள் நான். கறுப்புச் சேலையாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் நிறம் அல்ல. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று அம்மா சொன்னாள். அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். செலவில்லை. மூன்று மாதம் விடாமல் செய்தேன். இப்போது தாராளமாகத் தும்முகிறேன். உடன் பணியாற்றுகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கல்லடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கூச்சமில்லாமல் பேசப்படும் ஒரே மூத்திர நோய் அதுதான். அதிலும் நம் ஊருக்கென்று ஒரு வைத்தியம் இருக்கிறது. பீர் குடித்தால் கல் கரையுமாம்! அதற்காகவே எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிற கடலூர்க்காரர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். கல் கரையாது, சிறிய கல் எந்த நீரைக் குடித்தாலும் இறங்கத்தான் போகிறது. பொங்கல் காப்புக்கட்டில் செருகும் சிறுகண்பீளையைக் கஷாயமாக்கிக் குடிப்பவர்களோடும், வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கல் வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் கஷாயத்துக்கு நேரமில்லை, அன்றைக்கே ஓட வேண்டும். இன்னொன்று, கால்சியம் என்று பயந்து பாலை நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டியது உப்பு.

அப்பா கதையை முடித்துவிடுகிறேன். டியூபோடு ஒரு வாரம் இருக்க வேண்டியிருந்தது. அதோடுதான் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனோம். விடிகாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பையை மஞ்சள் பைக்குள் வைத்து, அதன்மேல் செய்தித்தாளை மடித்துப் போட்டு மடியோரம் வைத்திருந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க வந்தபோது இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். உள்ளே பணக்கட்டு இருக்கிறதென்று அந்த மனிதர் நினைத்திருப்பார். சிறுநீரியல் பிரிவு வரிசையில் உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் விழுப்புரத்துக்காரர், அவரிடமும் ஒரு மஞ்சள் பை. எதிரே பண்ருட்டிப் பெரியவர், அவரிடம் துணிக்கடைப் பை. முதலில் விழுப்புரம்தான் ஆரம்பித்தது: "உங்களுக்கு எத்தனை நாள்?" அரை மணி நேரத்தில் மூவரும் இரவில் எத்தனை முறை, எந்த மாத்திரை, யாருக்கு எவ்வளவு வந்தது என்று நெல் விளைச்சலைப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு 1100" என்று அப்பா சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாத்திரையில் வழி கிடைத்துவிட்டது, டியூபை எடுத்துவிட்டார்கள். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் இன்னொரு திருமணம். அப்பா முதல் பந்தி. பாயசம் வந்தது. பக்கத்து இலையில் அவர் வயதுக்காரர் ஒருவர் இரண்டாம் முறையாக எழுந்து கைகழுவும் பக்கம் போய்த் திரும்பி வந்தார். அப்பா அவர் பக்கம் சாய்ந்து, மண்டபத்துக்கே கேட்கும் குரலில், "ராத்திரியில் எத்தனை முறை?" என்றார். அம்மா இலையைப் பார்த்தபடியே அவர் தொடையில் கிள்ளினாள். பக்கத்து இலைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஆறு."