என் அம்மா ஒரு பீடித் தொழிலாளி

அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. துக்கம் விசாரிக்க வந்த எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். "பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவ", "தியாகி", "தெய்வப் பிறவி". யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த வார்த்தைகள் எந்த அம்மாவுக்கும் பொருந்தும், அதனாலேயே அவற்றில் என் அம்மா இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் 11 வயதில் பீடி சுற்றுவதற்குச் சுளகை, அதாவது முறத்தை, மடியில் வாங்கியவள், 58 வயதுவரை அதைக் கீழே வைக்கவில்லை. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்து ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பீடிக்கடையில் பீடி இலை, புகையிலைத் தூள், நூல் எல்லாம் நிறுத்துக் கொடுப்பார்கள். இலை மத்தியப் பிரதேசம், ஒடிசாக் காடுகளிலிருந்து வருவது. சாயங்காலமே அதை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைக்க வேண்டும். ஈரம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. விடியும் முன்னால் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். அப்புறம்தான் சுற்று. 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடி என்றால் நாற்பது கட்டு, ஒருத்திக்கு அது முழுநாள் வேலை.

அம்மா சுற்றும்போது கையைப் பார்க்க மாட்டாள். கண் எங்கள் கணக்கு நோட்டில் இருக்கும், அல்லது அடுப்பில் கொதிக்கும் சோற்றில். விரல்கள் பாட்டுக்குத் தூளை எடுக்கும், ஒரு பக்கம் ஒடுங்கி வரும்படி உருட்டும், நகத்தால் முனையை மடக்கும், நூலைச் சுற்றி இறுக்கும். பீடிக்கடைக்காரர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தே "இது உங்கம்மா சுத்துனது" என்று சொல்லிவிடுவார். அந்தக் கைக்கு அப்படி ஒரு தரம் இருந்தது. ஆதார் எடுக்கப் போனபோது அவள் ரேகை மிஷினில் விழவே இல்லை. அந்தப் பையன் ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்க்கச் சொன்னான். தேய்ந்தது தேய்ந்ததுதான். கட்டைவிரல் நுனி வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது.

இறப்பைப் பதியப் போனோம். விவரம் எழுதும் படிவத்தில் இறந்தவரின் தொழில் என்று ஓர் இடம் உண்டு. அண்ணன் சட்டென்று, "ஒண்ணும் இல்ல, வீட்லதான் இருந்தாங்க" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்குக் கடைசிவரை மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். ஆனால் பீடிக்காசில் வாங்கிய சட்டையோடு பள்ளிக்கூடம் போனவனுக்கும் அது தொழிலாகத் தோன்றவில்லை. "பீடித் தொழிலாளினு எழுதுங்க சார்" என்று நான் சொன்னேன்.

சட்டம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோதே வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களும் அதற்குள் வந்தார்கள். வீட்டில் சுற்றும் பெண்ணும் நிறுவனத்தின் தொழிலாளிதான், அவளுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லிவிட்டது. அதனால்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் பாஸ்புக் இருந்தது. அதை வாங்குவதற்கும், சரியாகப் பதிய வைப்பதற்கும் அவள் எவ்வளவு சண்டை போட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒருதடவை கடையில் நிறையக் கட்டுகளைக் கழிவு என்று ஒதுக்கிவிட்டார்கள். அம்மா நகரவில்லை. "பிரிச்சுக் காட்டுங்க, எதுல குத்தம்னு பாப்போம்" என்று நின்றாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ஒதுக்கியதில் பாதிக்கு மேல் திரும்பக் கணக்கில் ஏறியது. தியாகி என்ற சொல்லுக்குள் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்?

நான் படித்ததும் அந்தக் கையால்தான். பீடித் தொழிலாளர் நல நிதி 1976 சட்டத்தில் வந்தது. பீடிமேல் போட்ட தீர்வையில் ஓடிய நிதி அது. அதிலிருந்து பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வரும். கல்லூரியில் அந்தப் பணத்துக்காக அம்மாவின் அடையாள அட்டையை நகல் எடுத்து எடுத்து அதன் மடிப்பே கிழிந்துவிட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது.

பீடி உடம்புக்குக் கேடு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மாவுக்கும் தெரியும். எங்கள் வீட்டு ஆண்களை அவள் பீடி பிடிக்க விட்டதில்லை. தூள் நெடியில் வருஷக்கணக்காக உட்கார்ந்ததால் மார்கழி வந்தால் ராத்திரி பூரா இருமுவாள். அந்தத் தொழிலை நான் புகழவில்லை. வேறு வேலை இல்லாத ஊரில் அதை வைத்தே ஒரு குடும்பத்தை நிமிர்த்திய பெண்ணைச் சொல்கிறேன்.

2018இல் எனக்கு மகள் பிறந்தாள். சட்டப்படி 26 வாரம் விடுப்பு. அது முடிந்ததும் அம்மா ஊரை விட்டுச் சென்னைக்கு வந்தாள். அவள் வராவிட்டால் என் வேலை அன்றோடு போயிருக்கும், இதில் சந்தேகமே இல்லை. மறு வருஷம் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. என் வீட்டில் அந்த 299இல் பெரும்பகுதி அம்மாவுடையது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, ரசச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவது, நெற்றியைத் தொட்டே காய்ச்சலைச் சொல்வது. எல்லாமே கைத்தொழில்தான். "ஆச்சி, ஆச்சி" என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேதான் என் மகள் நடக்கக் கற்றாள்.

கை மட்டும் சும்மா இருக்காது. பஸ்ஸில் போகும்போது டிக்கெட்டை ஒரு பக்கம் ஒடுக்கி உருட்டி, முனையை நகத்தால் மடக்கி வைத்திருப்பாள். செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் கேட்டேன், ஊர் ஞாபகம் வருதாம்மா என்று. "அங்க நாலு பேரு மொகத்தப் பாத்துச் சுத்துவேன்ட்டி. இங்க சொவரத்தான பாக்கேன்" என்றாள். திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து, வானொலியைப் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றிய பெண்கள் அவளுக்கு உறவைவிட மேல். பேத்திக்காக அதை விட்டுவிட்டு வந்தாள். இதைத் தியாகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், அவள் எதை விட்டாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நான் பயப்படுவது அதற்குத்தான்.

அன்பை இப்படி வேலையாகவும் கூலியாகவும் எண்ணிப் பார்க்கலாமா என்று சித்தி கேட்டார். எண்ணத்தான் வேண்டும் சித்தி. அம்மா ராத்திரி படுக்கும் முன் கட்டுகளை எண்ணித்தான் படுத்தாள். எண்ணியதால் எங்கள் மேல் அன்பு குறைந்துவிடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடித்தபோது அண்ணனிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அச்சகத்தில் முதலில் போட்டிருந்த "பாசத்தின் சிகரம்" என்ற வரியை எடுத்துவிட்டு, அம்மா பெயருக்குக் கீழே "பீடித் தொழிலாளி" என்று போட வைத்தேன். அன்றைக்கு அம்மாவோடு திண்ணையில் சுற்றிய பெரியம்மா ஒருத்தர் வந்திருந்தார். படிக்கத் தெரியாதவர். என் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னொரு கார்டு இருக்கா என்றார். எதுக்குப் பெரியம்மா என்றேன்.

"எம்மவன் திருப்பூர்ல இருக்கான்லா, அவனுக்கு அனுப்பணும். எனக்கும் இப்பிடித்தான் போடணும்னு சொல்லி வைக்கணும்."