பாரிஸ் வானாய்வகத்தில் இடித்த கணக்குகள்

பாரிஸ் வானாய்வகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பதினான்காம் லூயி மன்னரில் தொடங்கிக் கட்டடத்தின் அழகில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. 1667 ஜூன் 21 அன்று கணித வல்லுநர்கள் தரையில் வடக்கு தெற்காகக் கோடு போட்டுத் தொடங்கிவைத்த கட்டடம் அது. வடிவமைத்தவர் க்ளோத் பெரோ என்ற மருத்துவர். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வானத்தைப் பார்க்க அது தோதான கட்டடமே அல்ல. இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட வானியலாளர் காசினி அந்த வரைபடத்தைப் பார்த்த உடனே குறை சொன்னார். நீண்ட தொலைநோக்கிகளைத் தாங்குவதற்கு, பிறகு மார்லி நீரேற்று நிலையத்திலிருந்து ஒரு மரக் கோபுரத்தைக் கொண்டுவந்து தோட்டத்தில் நட வேண்டியிருந்தது.

ஆகவே அந்த இடத்தின் பெருமையைக் கல்லில் தேடாதீர்கள். கணக்கு இடித்தபோது அதை மூடி மறைக்காமல் எழுதிவைத்தார்களே, அங்கே தேடுங்கள்.

வியாழனின் துணைக்கோளான அயோ சுமார் 42 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருகிறது. அது வியாழனின் நிழலுக்குள் மறைவதும் வெளிவருவதும் வானத்தில் தொங்கும் கடிகாரம் போல. அந்த நேரங்களை வைத்து ஊர்களின் தீர்க்கரேகையைக் கணிக்கலாம் என்பதால்தான் காசினி அட்டவணைகளைத் தயாரித்தார். டென்மார்க்கிலிருந்து வந்த இளைஞர் ஓலே ரோமர் அங்கே வேலை செய்தபோது அட்டவணை இடித்தது. பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோ தாமதித்தது. நெருங்கும் மாதங்களில் முந்தியது. சில நிமிட வித்தியாசம்தான். கடிகாரத்தின் மீதோ, பார்த்தவரின் கண் மீதோ பழியைப் போட்டிருக்கலாம். ரோமர் அப்படிச் செய்யவில்லை. வரும் நவம்பர் 9 அன்று அயோ கணக்கிட்ட நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தி வெளிவரும் என்று 1676 செப்டம்பரிலேயே அறிவித்தார். அப்படியே நடந்தது. ஒளி வந்துசேர நேரம் பிடிக்கிறது என்பதுதான் அவர் கண்ட காரணம். பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார். சரியான விடை ஏறக்குறைய 16 நிமிடம் 40 வினாடி. அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் இந்தப் பிழையைப் பெரிதுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒளிக்கு வேகம் உண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியவர் காசினி. கடைசிவரை அவர் ரோமரை ஏற்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்தவர், யாரும் அதிகம் பேசாத வானியலாளர் அலெக்ஸி பூவார். 1821-இல் யுரேனஸின் அட்டவணையை வெளியிட்டார். பழைய அளவுகளும் புதிய அளவுகளும் ஒரே கணக்குக்குள் அடங்க மறுத்தன. பழையவற்றை விலக்கிவிட்டுத்தான் அவர் அட்டவணையை முடித்தார். ஆனால் விலக்கியதை வெளிப்படையாகச் சொன்னார். பழைய அளவுகள் தவறா, அல்லது தெரியாத ஏதோ ஒன்று கோளை இழுக்கிறதா என்பதை வருங்காலம் முடிவு செய்யட்டும் என்று எழுதிவைத்தார். இந்த நேர்மைக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும்.

இதே பாரிஸில், ராணுவப் பள்ளியில் இருந்த இன்னோர் ஆய்வகத்தில், 1795 மே 8 அன்றும் 10 அன்றும் வானியலாளர் லாலாந்தின் குழுவினர் ஒரு 'விண்மீனை' அளந்தார்கள். இரண்டு அளவுகளும் பொருந்தவில்லை. முதலாவதை விட்டுவிட்டார்கள், இரண்டாவதை ஐயத்துக்குரியது என்று குறித்து அச்சிட்டார்கள். அது நெப்டியூன். இரண்டு நாளில் அது நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஓர் அளவைத் தள்ளியதால் ஒரு கோள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கைநழுவிப் போனது. நல்லவேளையாக மூலக் கையெழுத்துப் பிரதியில் இரண்டு அளவுகளும் அப்படியே இருந்தன.

யுரேனஸை இழுப்பது எது என்று பூவார் விட்டுச்சென்ற முடிச்சை அவிழ்க்கும்படி வானியலாளர் அரகோ தூண்ட, இழுக்கும் கோள் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கில் லெ வெரியே இறங்கினார். 1846 செப்டம்பர் 23 அன்று அவருடைய கடிதம் பெர்லினுக்குக் கிடைத்தது. அன்றிரவே அங்கிருந்த வானியலாளர் காலே நெப்டியூனைக் கண்டுபிடித்தார். கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் அது இருந்தது.

1854-இல் லெ வெரியே பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநரானார். கீழே வேலை செய்தவர்களை அவர் நடத்திய விதம் கொடுமையானது. அதனாலேயே 1870-இல் பதவியும் போனது, மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1859-இல் அவர் எழுதிய ஓர் எண்ணை எவ்வளவு போற்றினாலும் தகும். புதனின் நீள்வட்டப் பாதை, தெரிந்த கோள்களின் ஈர்ப்பால் விளக்க முடிந்ததைவிட நூற்றாண்டுக்கு 38 விகலை அதிகமாகத் திரும்புகிறது என்றார். ஒரு பாகையில் 3600 விகலைகள் உண்டு. அவ்வளவு சிறிய மிச்சத்தையும் அவர் விட்டுவிடவில்லை. வல்கன் என்ற இன்னொரு கோள்தான் காரணம் என்று நம்பினார். அப்படி ஒரு கோளே இல்லை. மிச்சம் மட்டும் நின்றது. பின்னால் வந்தவர்கள் அதை 43 விகலை என்று திருத்தினார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து அதே 43 வந்தது. சில நாட்கள் மகிழ்ச்சியில் தன்னிலை மறந்திருந்ததாக அவர் நண்பருக்கு எழுதினார்.