கிலோமீட்டரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மனை விளம்பரத்துக்குத் தலைப்பு எழுதிப் பிழைக்கிறவன் நான். இடம் மதுராந்தகம் தாண்டி. மதுராந்தகமே சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஆனால் மனை விற்கிறவர்களுக்குத் தலைப்பு "சென்னைக்கு மிக அருகில்!" என்றுதான் வர வேண்டுமாம். தூரத்தைப் போட்டால் ஆள் வராதாம்.

சரி, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம் என்று போடலாமா என்றால், "30 நிமிஷம்னு போடுங்க சார்" என்கிறார்கள். யார் ஓட்டி, எத்தனை மணிக்கு? பொங்கல் முடிந்து ஊரே திரும்புகிற நாளில் பரனூர் டோல்கேட்டில் நின்று பார்த்துவிட்டு அந்தக் கணக்கைச் சொல்லட்டும்.

அப்புறம் விலை. "வெறும் 4.99 லட்சம் முதல்." எண் கொட்டை எழுத்தில், 'முதல்' எறும்பு எழுத்தில். அந்த விலைக்கு லேஅவுட் மூலையில் ஒரே ஒரு துண்டு மனை. போய்க் கேட்டால் "அது நேத்தே புக் ஆயிடுச்சு மேடம்." சொன்ன விலைக்கு விற்க நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஆளை இழுக்கக் கூடாது என்று ஒன்றிய அரசின் 2022 விளம்பர நெறிமுறைகளிலேயே இருக்கிறது. "கடைசி 3 மனைகள்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும் 2023-ல் தடுத்தாயிற்று. யார் மதிக்கிறார்கள்? விளம்பரத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ரெரா எண்ணே (மனை விற்பனையைக் கண்காணிக்கும் ஆணையம் தரும் பதிவு எண்) மாடல் பெண்ணின் சேலைக் கரைக்குக் கீழே, பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத அளவில் ஒளிந்திருக்கிறது.

இதில் எனக்கு விளம்பர உலக ஜாம்பவான் ஓகில்வியைக் காட்டிப் பாடம் வேறு எடுக்கிறார்கள். டேவிட் ஓகில்வி 1958-ல் ரோல்ஸ்ராய்ஸுக்கு எழுதிய தலைப்பு என்ன? மணிக்கு 60 மைல் வேகத்திலும் இந்தப் புதுக் காரில் அதிகம் கேட்கும் சத்தம் மின்கடிகாரத்துடையதுதான் என்பது. 'வெறும்' உண்டா? ஆச்சரியக்குறி உண்டா? மனுஷன் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்திருக்கிறார். எனக்கு வருவது ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷன், கூடவே "காலையில 10 ஆப்ஷன் வேணும்" என்று ஒரு வாய்ஸ் நோட்.

சொல்ல விஷயமே இல்லாத இடமும் இல்லை அது. தனித்தனிப் பட்டா, 30 அடி தார்ச்சாலை, நல்ல தண்ணீர், பக்கத்திலேயே ரயில் நிலையம். ஊர்ப்பக்கம் அமைதியாக ஒரு வீடு கட்ட நினைக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவரைப் பார்த்து எழுதிய வரியை "டல்லா இருக்கு" என்று அடித்துவிட்டார்கள்.

இப்போது யார் வருகிறார்கள்? வேளச்சேரியிலும் பல்லாவரத்திலும் வாடகைக்கு இருந்துகொண்டு, இந்த மனையில் வீடு கட்டி இங்கிருந்தே தினமும் ஆபீஸ் போகலாம் என்று நம்பியவர்கள். இலவச வேனில் ஏறி, செங்கல்பட்டு தாண்டும்போதே முகம் சுருங்கி, மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, சைட்டில் நிற்கும் பையனை நாலு திட்டு திட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் புகார் என் தலையில்: "விசாரிக்கிற லீட் கொட்டுது, ஒண்ணும் விற்பனையா குளோஸ் ஆகல. தலைப்புலதான் ஏதோ குறை." ஒரு மணி நேரம் பேசி அவர்கள் கண்டுபிடித்த தீர்வு, "மிக மிக அருகில்!!"