எதற்கெடுத்தாலும் ‘செட்’டா?

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட ‘செட்’ என்னும் சொல்லுக்கு, 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள்களை அடுக்குகிறது என்றால், அந்த மொழியில் வேறு சொற்களுக்கு அத்தனை பஞ்சமா? சூரியன் மறைந்தாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட், முறிந்த எலும்பைப் பொருத்தினாலும் அதே செட். இறந்தகாலத்திலாவது உருவம் மாறுமா என்றால், அந்தக் கருணையும் இல்லை. இது போதாதென்று நாமும் வயலில் பம்ப்செட், உணவகத்தில் செட் தோசை, படப்பிடிப்பில் கோடி ரூபாய் செட் என்று அதற்கு நடுவீட்டில் பாய் விரித்திருக்கிறோம். பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் கருத்துக் கேட்டால், ‘செட் ஆகாது’ என்கிறார். பெண்ணா, குடும்பமா, ஜாதகமா, எது பொருந்தவில்லை என்று விளக்க அவருக்கு வாய் வலிக்கிறதாம்!