டீமன் நிண்டால் ஆப் நிக்காது

தம்பி, "எக்ஸ்ரே டீமன் நிண்டால் ஆப்பும் நிண்டுடும், புரொடக்ஷனில போடாதேங்கோ" எண்டு எழுதியிருக்கிறியள். அது பிழை. எக்ஸ்ரே எண்டது ஆப்புக்கு வாற ரிக்வெஸ்டுகள் எங்கையெல்லாம் போகுது எண்டு பதியிற ஏடபிள்யூஎஸ் (அமேசன் கிளவுட்) சேவை; டீமன் அந்தப் பதிவுகளை வாங்கி அதுக்கு அனுப்புற, பின்னணியில ஓடுற புரோகிராம். ஆப்புக்குள்ள இருக்கிற எக்ஸ்ரே எஸ்டிகே (லைப்ரரி) செக்மென்ட்டை, அதாவது பதிவுத் துண்டை, பதில் கேக்காத யுடிபி முறையில டீமனின்ர 2000ஆம் போர்ட்டுக்கு எறிஞ்சுபோட்டு தன்ர வேலையைப் பாக்கும், பதிலுக்குக் காத்திருக்காது. பைதன் எஸ்டிகேயில பதிவை அனுப்புற எமிட்டர் கோட்டைத் திறந்து பாருங்கோ: சாக்கெட்டையே காத்திராதபடிதான் வைச்சிருக்கினம், அனுப்பேக்க பிழை வந்தாலும் லொக்கில எழுதிப்போட்டு நகரும்.

போன கிழமை கொக்குவில்ல பெடியளுக்கு முன்னால டீமனை நிப்பாட்டிக் காட்டினனான். பக்கம் வழமை மாதிரி வந்தது. அந்த நேரத்து ட்ரேஸ் (ரிக்வெஸ்ட் போன பாதையின்ர பதிவு) மட்டும் இல்லை. கவலைப்பட வேண்டியது அதுக்குத்தான், சத்தமில்லாமல் தொலையும்.

எந்த ரிக்வெஸ்டுகளைப் பதியிறது எண்டு சொல்லுற சாம்ப்ளிங் விதிகள் மட்டும் டீமனின்ர அதே போர்ட்டில, பதில் வாற டிசிபி முறையால வரும். கிடைக்காட்டி, ஒவ்வொரு செக்கனிலயும் முதலாவது ரிக்வெஸ்ட், மிச்சத்தில 5% எண்ட உள்ளூர் விதிக்கு எஸ்டிகே மாறும்.