சொல்லை வாக்கியத்தோடு படிக்க வேண்டும்

நாளொன்றுக்கு ஐம்பது சொற்களை மனப்பாடம் செய்தால் ஆங்கிலச் சொல்வளம் பெருகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘மிட்டிகேட்’ என்றால் ஒரு பாதிப்பின் கடுமையைக் குறைத்தல்; ‘மிலிட்டேட்’ என்றால் ஒன்றுக்கு எதிராக அமைதல், அதனால்தான் அதன் பின்னால் ‘அகெய்ன்ஸ்ட்’ வருகிறது. இவ்விரண்டையும் பட்டியலில் மட்டுமே பார்த்திருந்த நான், பல ஆண்டுகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதி வந்தேன்; முழு வாக்கியமாகக் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகே அந்தக் குழப்பம் நீங்கியது. உயர்கல்விக்குத் தயாராகிறவர்கள், மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கொண்ட கல்விசார் சொற்பட்டியலிலிருந்து தொடங்கலாம். அதையும் உருப்போடாமல், ஒவ்வொரு சொல்லையும் தாம் படிக்கும் பாடநூலில் தேடிப்பிடித்து, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதையும் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.