பிரீபெய்ட் சிம் முகமூடி அல்ல

"இரண்டாவது போனில் பிரீபெய்ட் சிம் போட்டுக்கொண்டால் உங்களை யாராலும் அடையாளம் காண முடியாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தியாவில் இது உண்மையல்ல. பிரீபெய்ட் என்றால் பணத்தை முன்கூட்டியே கட்டுவது. பெயர் கொடுக்காமல் வாங்குவது அல்ல. ஆதார் போன்ற சான்றைக் கொடுத்து, கடைக்காரரின் கேமராவுக்கு முகத்தையும் காட்டிய பிறகுதான் சிம் உயிர் பெறுகிறது. போன் கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் சிம் தந்த நிறுவனத்துக்குத் தெரியும். இரண்டு போன்களையும் ஒரே பையில் வைத்துத் திரிந்தால், இரண்டும் சேர்ந்தே நகர்வது செல்போன் கோபுரப் பதிவுகளில் இருக்கும்.

அதற்காக இரண்டாவது எண் வீண் என்று சொல்லமாட்டேன். பழைய பீரோவை விற்க விளம்பரம் கொடுக்கும் பெண்ணுக்கு, முன்பின் தெரியாதவர்களின் அழைப்பு சொந்த எண்ணுக்கு வராதிருப்பது பெரிய நிம்மதி. ஆனால் அதே கூகுள் கணக்கில் நுழைந்து, தொடர்புப் பட்டியலையும் ஏற்றிவிட்டால் கட்டிய சுவரை நாமே இடித்துவிடுகிறோம்.

பலர் கவனிக்காத ஆபத்து வேறு: ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். வங்கிக் கணக்கு அதில் இருந்தால் ஓடிபி அவர் கைக்குத்தான் போகும். எண்ணைக் கைவிடும் முன்பே வங்கியிலும் வாட்ஸ்அப்பிலும் மாற்றிவிடுங்கள்.